முதலை படி ஏறாது என்று சொன்னவன்

பொறாமைப்படுவதில் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சின்ன வயதில் பக்கத்துப் பையனின் பலப்பம் என்னுடையதைவிடக் கால் அங்குலம் கூடுதலாக இருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. எங்கள் தெருவில் ஒருவனுக்கு விஷக்காய்ச்சல் வந்து, ஊரே ஆரஞ்சுப் பழத்தோடு போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தபோது, நமக்கு வரவில்லையே என்று நான் ஏங்கியிருக்கிறேன். (அடுத்த மாதம் வந்தது. யாரும் ஆரஞ்சு கொண்டுவரவில்லை.)

ஆனால் அதெல்லாம் சில்லறைப் பொறாமை. மொத்த வியாபாரமாக நான் பொறாமைப்பட்டது ஒரே ஒரு மனிதர்மேல்தான். அவர் என் பெரியம்மா மகன் கோதண்டம். என்னைவிட மூன்று வயது மூத்தவர், அதனால் வாயால் அண்ணா என்று கூப்பிட்டு மனதுக்குள் வேறு மாதிரி கூப்பிட வேண்டிய நிலைமை. அவர்மேல் இருந்த பொறாமையால்தான் நான் பட்டப்பகலில், மாவு மூட்டைத் துணியில் தைத்த டிராயரோடு, ஒரு முதலைக்கு முன்னால் ஓடினேன்.

யுத்த காலம் அது. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. ஆரம்பப் பள்ளியில் வாத்தியார் உத்தியோகம். என்னிடம் ஒரு கிராப்புத் தலை இருந்தது. எங்கள் தெருவில் பாதித் தலைகள் குடுமியோடு இருந்த காலத்தில், எண்ணெய் தடவி, இடது பக்கம் வகிடு எடுத்து, முன்னால் ஒரு சுருளை நெற்றியில் விழவிட்டு நான் நடந்தால், ஸ்டேஷன் மாஸ்டர்கூட ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, சீப்பு இருக்கும்.

என் அம்மாவின் அண்ணன் சின்னராஜு மாமாவுக்கு ஒரே பெண், அலமேலு. முறைப்பெண். அவள் பிறந்த அன்றே எனக்கென்று பேசி முடித்தாகிவிட்டது என்று அம்மா சொல்வாள். (மாமாவுக்கு அப்படிப் பேசியதாக ஞாபகமே இல்லை என்பது பின்னால் தெரிந்தது.) வாரத்துக்கு மூன்று நாளாவது ஏதோ ஒரு சாக்கில் நான் மாமா வீட்டுக்குப் போய்விடுவேன். ஒருமுறை அலமேலு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கிராப்பு நல்லா கீது பாவா" என்று சொன்னாள். (எங்கள் பக்கம் பாவா என்றால் அத்தான்.) எங்கள் காதல் என்று நான் நினைத்திருந்தது மொத்தமும் அந்த ஒரு வாக்கியம்தான். அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றரை வருஷம் ஓட்டினேன்.

அப்போதுதான் பர்மாவிலிருந்து கோதண்டம் வந்து சேர்ந்தார். பதினாறு வயதில் ரங்கூனுக்குக் கப்பலேறிப் போனவர், ஆற்றில் மரக்கட்டைகளை இழுத்துப் போகும் படகில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஆயிரக்கணக்கானவர்களோடு காடும் மலையுமாக நடந்தே வந்தார். திருத்தணி ஸ்டேஷனில் இறங்கியபோது எலும்பும் தோலுமாக இருந்தார், கையில் ஒரு துணி மூட்டை மட்டும் இருந்தது. பெரியம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டதால் மாமா அவரைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். கஷ்டப்பட்டு வந்தவரைக் கண்டு எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவம் இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள் அலமேலு அவரையும் பாவா என்று கூப்பிட்டாள்.

முறைப்படி அவரும் பாவாதான். தப்பே இல்லை. அதிலும் அவர் பெரிய பாவா, நான் சின்ன பாவா. இதுவரை வெறும் பாவாவாக இருந்தவன் ஒரே நாளில் சின்னவனாகிப் போனேன்.

அவர் அலட்டிக்கொள்கிறவராக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பேன். கேட்டால்தான் பேசுவார். அதுவும் மெதுவாக, பாதியில் நிறுத்தி, மீதியைச் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிடுவார். சாயங்காலமானால் மாமா வீட்டு முற்றத்தில் அக்கம்பக்கத்தார் கூடிவிடுவார்கள். அங்கே நான் பாதரசத்தைப் பற்றியும் பாஸ்பரஸைப் பற்றியும் சொல்லிவந்தபோது வராத கூட்டம்.

ஒருநாள் பேச்சு முதலைக்கு வந்தது. பர்மா ஆறுகளில் முதலைகள் நிறைய உண்டாம். முதலை தரையில் எப்படிப் போகும் என்று அலமேலு கேட்டாள். கோதண்டம் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முற்றத்தில் நாலு காலில் நின்று காட்டினார். தண்ணீருக்குள் நழுவும்போதுதான் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகுமாம். நடக்க நினைத்தால் காலை உடம்புக்கு அடியில் கொடுத்து, வயிற்றைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, வாலை மட்டும் இழுத்தபடி நிமிர்ந்து நடக்குமாம். அவசரமென்றால் கொஞ்ச தூரம் தாவும், சீக்கிரம் களைத்துவிடும். கரை ஏறும், தண்ணீர்மேல் சாய்ந்த மரத்தில் குட்டி முதலைகள் கிளை வரைக்கும் ஏறி வெயில் காயும். கோடையில் குட்டை வற்றினால் மைல் கணக்கில் நடந்து வேறு தண்ணீர் தேடிப் போகும்.

அவர் நாலு காலில் நடந்ததைப் பார்த்து அலமேலு சிரித்தாள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து. எனக்காக அவள் அப்படிச் சிரித்ததே கிடையாது. நான் நாலு காலில் நடக்க வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லையே!

வீட்டுக்குப் போய் என் பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். முதலைப் படம் இருந்தது. வயிறு தரையில் ஒட்டிக் கிடந்தது. கீழே, ஊர்ந்து செல்லும் பிராணி, குறுகிய கால்கள், மனிதனைத் துரத்தினால் வளைந்து வளைந்து ஓடித் தப்பலாம் என்று போட்டிருந்தது. ஏறும் என்று ஒரு வார்த்தை இல்லை. அச்சில் இல்லாத ஒன்றை முதலை எப்படிச் செய்யும்? எனக்கு அன்று நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

அந்தக் கோடையில்தான் மாமாவின் கிணற்றுக்கு முதலை வந்தது.

கனகம்மாசத்திரம் போகும் சாலைப் பக்கம் மாமாவுக்கு நிலம். நிலத்தின் நடுவில் பெரிய சதுரக் கிணறு, ஒரு பக்கம் அடி வரைக்கும் கருங்கல் படிகள். கிணற்றுக்கு அந்தண்டை இருநூறு அடி தள்ளி ஏரிக்கரை. அந்த வருஷம் மழை பொய்த்து நந்தியாறு வெறும் மணலாகிவிட்டிருந்தது, ஏரியில் மதகடியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது. மாமாவின் கேழ்வரகுப் பயிர் அந்தக் கிணற்றை நம்பித்தான் நின்றது. மாடுகளைப் பூட்டித் தோல் சாலில் தண்ணீர் இறைக்கும் கமலை, எங்கள் பக்கம் அதற்குக் கவலை என்று பெயர். அதை ஓட்டுகிறவர் ஏழுமலை. ஒருநாள் காலையில் சால் மேலே வரும்போது தண்ணீரில் மூக்கு ஒன்று தெரிந்ததாம். பிறகு இரண்டு கண்கள். ஏழுமலை மாடுகளை அவிழ்த்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டார்.

கவலை நின்றது. பயிருக்குத் தண்ணீர் நின்றது. இரண்டு நாளில் கேழ்வரகு துவண்டது. மாமா முகமும் அதோடு சேர்ந்து துவண்டது. எல்லோரும் கிணற்றங்கரையில் கூடினோம்.

கோதண்டம் எட்டிப் பார்த்துவிட்டு, "நாலு நாளு யாரும் கிட்ட போவாதீங்க மாமா. கல்லு கில்லு போடாதீங்க. தண்ணி தேடி வந்துகீது. உள்ள தின்றதுக்கு ஒண்ணும் இல்லன்னா அதுவா படியேறி ஏரிக்குப் பூடும்" என்றார்.

மாமா தலையாட்டினார். அலமேலுவும் தலையாட்டினாள். அவள் தலையாட்டியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இந்தக் கிணற்றை யார் மீட்டுக் கொடுக்கிறார்களோ அவர்களுக்கே பெண் என்று அந்த நிமிஷத்தில் நான் முடிவு செய்துவிட்டேன். மாமா அப்படி எதுவும் சொல்லவில்லை. நானேதான் முடிவு செய்தேன்.

முதலையாவது, படி ஏறுவதாவது என்று ஆரம்பித்தேன். அதன் உடம்பு கனம், கால் குட்டை, வயிறு தரையோடு ஒட்டியது. உருண்டு உள்ளே விழுந்திருக்குமே தவிர ஏறி வெளியே வர முடியாது. ஆகவே ஏழுமலை தைரியமாக மேலே நின்று கவலை ஓட்டலாம் என்று வகுப்பில் சொல்வது போல விளக்கினேன். ஏழுமலை என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏறி வந்து காலைக் கடித்தால் யார் பொறுப்பு என்று மாமா கேட்டார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். திருத்தணி மலையைப் பார்த்துக்கொண்டு எதைச் சொன்னாலும் அது வெறும் பேச்சு இல்லை, முருகனிடம் வைத்த வேண்டுதல். விளையாட்டுக்குச் சொன்னேன் என்றெல்லாம் பின்னால் தப்பிக்க முடியாது. அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பேச வேண்டிவந்தால் முதலில் மலைக்கு முதுகைக் காட்டிவிடுவார்கள். சந்தையில் கத்திரிக்காய்க்காரர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்பதை வைத்தே காய் நேற்றையதா இன்றையதா என்று சொல்லிவிடலாம். குழந்தையிலிருந்து எனக்கும் இது தெரியும்.

தெரிந்தும், நான் மலைப் பக்கம் திரும்பினேன். வலது கையைத் தூக்கினேன். "முதலை இந்தப் படியில ஏறி வந்துச்சுன்னா, ஆடிக் கிருத்திகைக்கு என் தலைமுடிய மலையில குடுக்கறேன்."

ஏழுமலை கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோதண்டம் என் தோளைத் தொட்டு, "வேணாம் தம்பி. மலை எதிர்ல கீது" என்றார். அவர் அக்கறையாகச் சொன்னதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்னொரு தரம், இன்னும் சத்தமாக, அதையே சொன்னேன். ஒருமுறை சொன்னதையாவது மலை கவனிக்காமல் விட்டிருக்கும், இரண்டாவது முறை அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

பிறகு மூன்று நாள் நான் மகாராஜா. காலையில் எழுந்ததும் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். முதலை தண்ணீரிலேயே கிடக்கும். "என்ன அண்ணா, இன்னும் படி ஏறலியா உங்க முதலை?" என்று கோதண்டத்திடம் கேட்பேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். கேழ்வரகு இன்னும் துவண்டது. அதைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததாக ஞாபகம் இல்லை.

நாலாம் நாள் காலை பத்து மணி இருக்கும். அலமேலு எல்லோருக்கும் கூழ் கொண்டுவந்திருந்தாள். குடிக்கத் தண்ணீர் போதவில்லை. வீட்டுக்குப் போய் எடுத்துவருகிறேன் என்று அவள் கிளம்பினாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

எங்கள் ஊர் சாமி வள்ளியைக் கல்யாணம் செய்துகொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். எத்தனை கெஞ்சியும் வள்ளி மசியவில்லை. முருகன் அண்ணனை நினைத்தார், விநாயகர் யானையாக வந்து நின்றார், பயந்துபோன வள்ளி ஓடிவந்து முருகனைக் கட்டிக்கொண்டாள். சரி, எனக்கும் ஓர் அலமேலு, எனக்கும் ஒரு மிருகம். நான் படியிறங்கிப் போய் முதலைக்கு முன்னாலேயே தண்ணீர் மொண்டு வந்தால், மேலே நின்று பார்க்கும் அலமேலு பயந்து போய், நான் ஏறி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். திட்டம் அவ்வளவுதான். அதில் கோதண்டத்துக்கு வேலையே இல்லை.

அலமேலுவை நிற்கச் சொல்லிவிட்டு, பித்தளைத் தவலையை எடுத்துக்கொண்டு, கிராப்பை ஒருமுறை சீவிக்கொண்டு, யார் தடுத்தும் கேளாமல் இறங்கினேன். பதினோரு படி இறங்கினேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. மேலே அண்ணாந்து அலமேலுவைப் பார்த்து ஒரு புன்னகை செய்தேன். குனிந்தபோது கடைசிப் படியில் ஒரு கால் இருந்தது.

அது முதலையின் முன்னங்கால். பிறகு இன்னொரு கால் வந்தது. அப்புறம், கோதண்டம் முற்றத்தில் காட்டினாரே, அதே மாதிரி, காலை உடம்புக்கு அடியில் கொடுத்து, வயிற்றைக் கல்லிலிருந்து தூக்கி, நிதானமாக, நம் ஊர் ஜமீன்தார் சாப்பிட்டுவிட்டு மாடியேறுவது போல ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. நகம் கல்லில் சரக் சரக் என்று உரசியது. நீளம் பன்னிரண்டு அடி இருக்கும். (அலமேலு அஞ்சடி என்பாள். அவள் மேலே நின்றிருந்தாள், நான் எதிரே நின்றிருந்தேன்.)

உயிர் போகிற அந்த நேரத்தில் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? 'அடப்பாவி, அவர் சொன்னது சரியாப் போச்சே!' பயமே அதற்கப்புறம்தான் வந்தது. அதற்கும் அப்புறம் தலைமுடி ஞாபகம் வந்தது.

தவலையைப் போட்டேன். அது படிப்படியாக உருண்டு முதலையைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தது. முதலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மேலே வருவதற்குள் கோதண்டம் எல்லோரையும் ஒரு பக்கமாக ஒதுக்கி நிறுத்தியிருந்தார். அவர்கள் பத்தடி தள்ளிச் சும்மா நின்றார்கள். நானும் அங்கே போய் நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் நான் படித்தவன். ஏரிக்கரை உயரமானது, முதலை கரை ஏறாது (இன்னமும் நம்பினேன்!), ஆகவே கரையை நோக்கி, புத்தகத்தில் சொன்னபடி வளைந்து வளைந்து ஓடினேன்.

முதலை என்னைத் துரத்தவே இல்லை. அதற்கு ஏரித் தண்ணீர் வேண்டும், அது பாட்டுக்கு நேர்கோட்டில் ஏரிக்கரையைப் பார்த்து நடந்தது. நான் இடது பக்கம் வளைந்து ஓடுவேன், அங்கிருந்து வலது பக்கம் வளைவேன், வளையும்போது அதன் மூக்குக்கு நேராகக் குறுக்கே போய்விடுவேன். அடடா, விடாமல் வருகிறதே என்று அலறிக்கொண்டு மறுபடியும் இடது பக்கம் ஓடுவேன். இருநூறு அடி நிலத்தில் நான் ஐந்து முறை அதன் வழியில் குறுக்கிட்டேன் என்று ஏழுமலை பிற்பாடு கணக்குச் சொன்னார். முதலை என்னால் இரண்டு இடத்தில் நின்று நின்று போக வேண்டியிருந்ததாம்.

"வாத்தியாரே, அதுக்கு வழி உடுங்க" என்று ஏழுமலை கத்தினார்.

"வளையாத தம்பி. ஒரு ஓரமா நில்லு, அது பூடும்" என்று கோதண்டம் குரல் கொடுத்தார்.

நிற்கச் சொல்கிறாரே, ஏன்? எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. நான் நின்றால் முதலை என்னைப் பிடித்துவிடும். என்னைப் பிடித்துவிட்டால் மீதி இருப்பது ஒரே ஒரு பாவா. அண்ணனாக இருந்துகொண்டு இப்படி ஒரு துரோகமா! இன்னும் மும்முரமாக வளைந்தேன். உழுது போட்டிருந்த மண்கட்டியில் கால் இடறி விழுந்தேன். எழுந்தபோது வேட்டி எழவில்லை. யுத்த காலத் துணிப் பஞ்சத்தில் அம்மா மாவு மூட்டையைப் பிரித்துத் தைத்துக் கொடுத்த டிராயர் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதன் பின்பக்கம் மில்லின் முத்திரை அழியாமல் இருந்தது. முதலை என் வேட்டியின்மேல் நடந்து வந்தது.

ஒரு வழியாகக் கரைமேல் ஏறி நின்று திரும்பிப் பார்த்தேன். முதலை சரிவின் அடியில் நின்று கரையை ஒருமுறை பார்த்தது. பின்பு முன்னங்கால் இரண்டும் சேர, பின்னங்கால் இரண்டும் சேர, முயல் மாதிரி இரண்டு தாவல் தாவிப் பாதிச் சரிவுக்கு வந்துவிட்டது. அந்தத் தாவலையும் கோதண்டம் சொல்லியிருந்தார். எந்தப் பக்கம் வளைவது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். நான் நின்ற இடம்தான் அதன் வழி.

கரையோரமாக யாரோ ஓடி வந்தார்கள். யார் என்று பார்க்கவில்லை. ஒரே பாய்ச்சலில் அவர் கழுத்தை இரண்டு கையாலும், இடுப்பை இரண்டு காலாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என்னைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டுத் தள்ளிப் போய் நின்றார். சரக் சரக் என்ற சத்தம் எங்களைத் தாண்டிப் போனது. மறுபக்கச் சரிவில் முதலை வயிற்றைத் தரையில் கொடுத்துச் சர்ரென்று சறுக்கித் தண்ணீரில் இறங்கிய சத்தமும் கேட்டது.

"போயிடுச்சு தம்பி. எறங்கு" என்றார் கோதண்டம்.

நான் இறங்கவில்லை. யானையைப் பார்த்துப் பயந்து வள்ளி முருகனைக் கட்டிக்கொண்டாள். முதலையைப் பார்த்துப் பயந்து நான் கோதண்டத்தைக் கட்டிக்கொண்டேன். அலமேலு கீழே என் வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அழவில்லை. சிரிக்கவும் இல்லை. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்பது அவ்வளவு தூரத்திலும் எனக்குத் தெரிந்தது.

மாமா மூச்சு வாங்கக் கரைக்கு வந்தார். என்னைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். பிறகு என் கிராப்பைப் பார்த்தார். "ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் எத்தினி நாளு கீது?" என்று ஏழுமலையைக் கேட்டார்.

நான் எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். முதலை படி ஏறவில்லை, ஊர்ந்துதான் வந்தது என்றேன். எல்லோரும் பார்த்திருந்தார்கள். அம்மாவிடம் போய் அழுதேன். அவள் உடனே பயந்துபோய், மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்துவிட்டாள். தப்பிக்கிற வழியெல்லாம் அடைந்தது. மாமா அன்று மாலையே கவலை பூட்டினார். கேழ்வரகு பிழைத்துக்கொண்டது. பிழைக்காதது என் தலைமுடி ஒன்றுதான்.

ஆடிக் கிருத்திகையன்று மலையில் முடி இறக்கினேன். கிராப்புச் சுருள் முன்னால் விழுந்தபோது கண்ணில் நீர் வந்தது. பக்திதான் என்று நாவிதர் நினைத்துக்கொண்டார். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி எங்கள் மலைக்கு. காவடிக் கூட்டத்தில் அகப்பட்டு, மொட்டைத் தலையில் சந்தனம் வழிய, மூச்சிரைக்க ஏறினேன். முதலை என்னைவிட நன்றாகப் படி ஏறியது என்பதை அப்போது மனதார ஒப்புக்கொண்டேன். நாலு படி முன்னால் மாமாவும் அலமேலுவும் கோதண்டமும் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் ஏதோ சொல்ல அவள் கேட்டுக்கொண்டு போனாள். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். பெண்ணும் போய், முடியும் போய், முருகனிடம் இனி கேட்க என்ன இருக்கிறது என்று எதுவும் கேட்காமலேயே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுவாரம் மாமா அலமேலுவை உட்கார வைத்து நேராகவே கேட்டுவிட்டார், இரண்டு முறைப் பையன்களில் யாருக்குச் சம்மதம் என்று. என் அம்மா பக்கத்து அறையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள், அதனால் ஒரு வார்த்தை விடாமல் எனக்கு வந்து சேர்ந்தது.

"பெரிய பாவா முதலைக்கே பயப்படல நைனா. அவரு எனக்கு எங்க பயப்படப் போறாரு? சின்ன பாவாவே இருக்கட்டும்" என்றாளாம்.

சந்தோஷத்தில் நான் துள்ளியிருக்க வேண்டும். துள்ளினேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. அப்படியென்றால் முதலில் அவரைத்தான் யோசித்திருக்கிறாள்!

ஆவணியில் கல்யாணம். தலையில் அரை விரல்கடை முடி முளைத்து, சிரங்கு ஆறின மாதிரி இருந்தது. சென்னையிலிருந்து போட்டோ பிடிப்பவர் வந்துவிட்டார். நான் படம் எடுத்துக்கொள்ளமாட்டேன் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். கோதண்டம் வந்து கதவைத் தட்டினார். அவர் கையில் ஒரு பர்மாப் பட்டுத் துணி இருந்தது, ரோஜா நிறத்தில். அந்த ஊர் ஆண்கள் விசேஷத்துக்குத் தலையில் கட்டுவதாம். அத்தனை காடு மலை நடந்து வந்தபோது மூட்டையில் அவர் விடாமல் வைத்திருந்தது அந்த ஒரு துணிதான். எதற்காக வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என் மொட்டைத் தலையில் அதைச் சுற்றி, ஓரத்தைச் செருகி, சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இப்போ போ" என்றார். இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து, தலைப்பாகை பிரமாதம், யாருடையது என்றுதான் கேட்கிறார்கள். மாப்பிள்ளையைப் பற்றி இதுவரை ஒருவரும் எதுவும் சொன்னதில்லை.

கோதண்டம் ரேணிகுண்டா ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, பேரன் பேத்தியோடு சௌக்கியமாக இருக்கிறார். ஒவ்வோர் ஆடிக் கிருத்திகைக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். அன்று அலமேலு வடை சுட்டால் முதல் ஈடு, பொன்னிறமாக உப்பியது, பெரிய பாவாவுக்குப் போகும். எனக்கு வருவது எண்ணெய் கறுத்த பிறகு சுட்டது. முதலைக் கதையைச் சொல்லுங்கள் என்று என் பிள்ளைகள் அவரை நச்சரிப்பார்கள். எனக்கு ஞாபகமில்லை, உங்கள் அப்பாவைக் கேளுங்கள் என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்தப் பெருந்தன்மைதான் எனக்குப் பிடிக்காது. கதையை அலமேலுதான் சொல்வாள். வேட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். நகம் கிழித்த இடத்தை விரித்துக் காட்டுவாள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. திறந்தால் நேர் எதிரே மலை. போன கிருத்திகைக்கு, கோதண்டம் ஊருக்குப் போன பிறகு, அந்த வடை விஷயத்தில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, இந்த வயதில் போய் எனக்கு என்ன பொறாமை என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அலமேலு எழுந்து போய் ஜன்னல் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இப்போ சொல்லுங்க" என்றாள்.

நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன். இந்த வயதில் தலையில் மிச்சம் இருப்பதே கொஞ்சம் முடிதான்.